தூரம்

ஆர்வோ கொடுத்த நீலக் குறிப்பேட்டில்
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு.
விழித்தவுடன் நாடித்துடிப்பு,
உறங்கிய மணி,
பனியின் குளிர், ஸ்கீயில் பூசிய மெழுகின் நிறம்,
காலை எடை, கிராம் பிசகாமல்.
கடைசிக் கட்டம் தூரம்.
கெர்ட்டு எழுதுவாள்: முப்பத்திரண்டு. நாற்பது.
ஞாயிறென்றால் ஐம்பத்தைந்து.

மாதத்துக்கு ஒருமுறை வரும் தூரத்துக்குக்
கட்டம் இல்லை.

ஓட்டெப்பா முகாமில் அவளும் நானும் ஒரே அறை.
குளியலறை மேல்தட்டில்
ரீகா விமான நிலையத்தில் அவள் வாங்கிய
நாப்கின் பொட்டலம்.
ஆஸ்திரியா போய்வந்தது, பின்லாந்து போய்வந்தது,
மூன்று நாட்டுப் பனி பார்த்தும்
பசை பிரியவில்லை.
நான் பத்து மாதம்வரை எண்ணினேன்.
அவள் எண்ணுவதையே விட்டிருந்தாள்.

"தொல்லை விட்டது" என்றாள் ஒருநாள்,
ஸ்கீயைத் துடைத்தபடி.
பொறாமைப்பட்டேன், மறைப்பானேன்.
அடிவயிறு பிசைய நான் ஏறும் மேட்டில்
காற்றுக்கு எடையில்லாததுபோல்
என்னைக் கடந்து போகும் அவள் முதுகு.

ஆர்வோ கெட்டவர் அல்ல.
மகளுக்குத் தானே ஜடை பின்னிவிடுபவர்.
"எடை இறங்கினால் ஏற்றம் இறங்கும்" என்பார்.
அந்த மோனையை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.
கறுப்பு ரொட்டியின் ஓரத்தைக் கடித்துவிட்டு
மிச்சத்தைக் கைக்குட்டைக்கு ஊட்டுவாள் கெர்ட்டு.
ஜூலையிலும் கம்பளிக் காலுறையோடு தூங்குவாள்.
சீப்பில் கொத்தாக முடி.
முதுகில் புதிதாய்ப் பூனைமயிர்.

பிப்ரவரி. முப்பது கிலோமீட்டர்ப் போட்டி.
இருபத்தாறாவதில்,
மேடுகூட இல்லை, சமதரை,
நின்றாள்.
விழவில்லை. நின்றாள்,
பேருந்துக்குக் காத்திருப்பவள்போல.
பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள்:
தடம்! தடம்!

டாக்டர் டீயூ திரையில் படத்தைப் போட்டார்.
இடுப்பின் பின்னெலும்பில் மயிரிழை விரிசல்.
அதைப் பற்றி முதலில் கேட்கவில்லை.
"கடைசியாக எப்போது?"
கெர்ட்டு கூரையைப் பார்த்தாள்.
கடைசி வெற்றி எப்போதென்று தெரியும் அவளுக்கு,
விநாடியில் பத்திலொரு பங்குவரை.
வயது இருபத்திமூன்று.
எலும்புக்கு அறுபது.

விறகு குறைந்த பண்ணைவீட்டில்
ஆள் புழங்காத அறையின் அடுப்பைத்தான்
முதலில் அணைப்போம்.
அவள் உடம்பு கணக்குத் தெரிந்த உடம்பு.
இதயத்துக்குக் கொஞ்சம், காலுக்குக் கொஞ்சம்,
ஈஸ்ட்ரோஜன் குடியிருந்த அறைக்குப் பூட்டு.
பூட்டிய அறையின் குளிரில்
சுவர் வெடிக்கும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் பனியில்லாத மாதங்கள்.
கஞ்சி. கஞ்சியில் வெண்ணெய்.
சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி;
அதை முதல்முறை தின்றபோது அழுதாள், ருசிக்கு அல்ல.
ஊன்றுகோல். இறுகிப்போன உடுப்பு.
"நல்லா இருக்கே" என்ற பழைய தோழியோடு
இரண்டு நாள் பேச்சில்லை.
அணியில் அவள் இடத்தில் என்னைப் போட்டார்கள்.
ஆர்வோ ஒருமுறை வந்தார்,
காகிதக் கூம்பு நிறைய காட்டு ஸ்ட்ராபெரியோடு.
என்ன பேசுவதென்று தெரியாமல்
ஜன்னலின் கொக்கியைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

செப்டம்பர். சக்கர ஸ்கீயில் எட்டு கிலோமீட்டர்,
சைக்கிள் பையன்களெல்லாம் அவளை முந்தினார்கள்.
திரும்பி வந்து குளியலறைக்குள் போனவளை
வெளியே காணோம்.
கதவைத் தட்டப் போனேன்.
பசை பிரியும் சத்தம் கேட்டது.
"வலிக்குது" என்றாள் உள்ளிருந்து.
சிரித்தாளா என்று தெரியவில்லை.

அன்றிரவு குறிப்பேட்டின் ஓரத்தில்
ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தாள்.
புதிய கட்டம். தலைப்பு எழுதவில்லை.
தூரத்தில் எட்டு என்று போட்டுவிட்டு
பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
பிறகு என் குறிப்பேட்டையும் இழுத்து
அதேபோல் ஒரு கோடு போட்டு
பேனாவை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன்.
மே மாதம்தொட்டு
எழுத ஒன்றுமில்லை என்னிடம்.