வெறுங்கை

"பம்பு புதுசா மாத்தீரலாமுங்களா,
இல்ல, கழட்டியே போட்டுரட்டுங்களா?"
நாச்சிமுத்து கேட்கும்போது
ஸ்டீயரிங் எண்ணெய் அவர் முழங்கை வரை வழிந்திருந்தது.

பம்பு இருந்தால்
காந்திபுரத்தில் ஒற்றை விரலால் திருப்பலாம்,
மறுகையில் காளான் தட்டைப் பிடித்துக்கொண்டே.

போன ஞாயிறு செட்டிபாளையம் ஓடுதளத்தில்
பெல்ட் அறுந்த பிறகு நாலு சுற்று.
மூன்றாம் வளைவில்
முன்சக்கரம் பிடி விடப்போவதை
என் உள்ளங்கை முதலில் அறிந்தது:
தூங்கும் குழந்தை புரளுமுன்
பாய் அசைவது போல
ஒரு தளர்வு.

நிறுத்தும்போது கல்.
பையன்கள் இருவர் காரை உருட்ட உருட்டத்தான்
திருப்ப முடிந்தது என்பதும் உண்மை.

இடது மணிக்கட்டில் ஒரு தகடு, ஆறு திருகு.
பளு கூடாது என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள்.
ஓடுகிற வண்டியில் பளு ஏது,
நிற்கிற வண்டியில்தானே
என்று டாக்டரம்மாவிடம் நான் வாதாடவில்லை.

"கழட்டுங்க" என்றேன்.
"ஆனா பம்பை வீசிராதீங்க."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை.
நேற்றைய பேப்பரில் சுற்றி
டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்தார்.

கணபதியிலிருந்து வீடு வரை
ஒவ்வொரு திருப்பத்திலும்
அது உருண்டது.