இரண்டாம் பூச்சு

டார்லீன் போனில் கேட்டாள்:
ஏழடி, நடுத்தர வளைவு, பச்சை நூல்,
கைப்பிடிக்கு மேலே அவன் பெயர்.
பிறந்தநாள் மார்ச்சில் வருகிறது என்று
எனக்கே சொன்னாள்.
இஷ்பெமிங்கில் தூண்டிற்கோல் கட்டுகிறவள் நான் ஒருத்திதான்,
வேறு எங்கே போவாள்.

ரெய்னோ.
வெள்ளை மை, ஊசிமுனைப் பேனா.
பதினாறு வருடம் காசோலைகளில் எழுதிய பெயர்,
அடமானப் பத்திரத்தில், மளிகைப் பட்டியலின் ஓரத்தில்,
கடைசியாக நீதிமன்றத் தாளில்.
கை என்னைக் கேட்காமலே எழுதியது.
கடைசி எழுத்தின் வட்டம் மட்டும் மூடவில்லை.
துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன்.

பிசின் மூன்று மில்லி, கெட்டியாக்கி மூன்று மில்லி,
தனித்தனி சிரிஞ்சில்.
கண்ணளவு இங்கே செல்லாது.
ஒரு துளி கூடினால்
ஆயுளுக்கும் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும்.
வேகமாய்க் கலக்கினால் காற்று ஏறும்.
ரேடியோவில் பனிப்புயல் அறிவிப்பு முடிகிறவரை
ஓரத்தை வழித்து வழித்து, மெல்ல.
பாதியை அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்பினேன்,
குமிழிகள் மூச்சுவிட்டுப் போக.

கோழி வாட்டும் அடுப்பிலிருந்து கழற்றிய மோட்டார்,
நிமிடத்துக்கு ஒன்பது சுற்று.
தூரிகை நூலைத் தொடக்கூடாது,
தூரிகை நுனியில் தொங்கும் பிசின்தான் தொடவேண்டும்.
மிஞ்சிப் பூசினால் வளையத்தின் கால் வீங்கும்,
கல்யாண விருந்துக்கு மறுநாள்
என் கணுக்கால் மாதிரி.
ஒன்பது வளையம். ஸ்பிரிட் விளக்கை அடியில் காட்டி
கடைசிக் குமிழியும் உடைந்தபோது
மின்சாரம் போயிற்று.

எட்டு நாற்பது.
கோல் நின்றுவிட்டது. பிசின் நிற்காது,
அடிப்பக்கம் இறங்கிச் சொட்டத் தயாராகும்.
ஐஸ்மீன் பிடிக்கையில் கட்டும் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு
கையால் திருப்பினேன்.
கால் சுற்று, பத்து எண்ணு.
கால் சுற்று, பத்து எண்ணு.
வெளியே சாலையைத் தள்ளும் வண்டிகூட வரவில்லை.
ஹீட்டர் ஆறியது. குளிரில் பிசின்
இறுகுவேனா என்று பிடிவாதம் பிடிக்கும்.
ஒரு கையால் கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டினேன்,

அப்போது விழுந்தது
என் முடி ஒன்று.
நரைத்தது, நீளம் ஒரு விரல்,
சரியாக அவன் பெயரின் குறுக்கே.

விட்டுவிடு என்றது ஒரு சுற்று.
அவன் மடியில் கிடக்கட்டும் என்றது அடுத்தது.
டார்லீன் வெயிலில் தூக்கிப் பார்ப்பாளே.
பார்க்கட்டுமே.
இப்படியே நாற்பது சுற்று போயிருக்கும்,
எண்ணியது பத்து பத்தாக, நினைத்தது வேறு.
கோலின் அடியில் என் கடைமுத்திரை இருக்கிறது.
அதற்காகத்தான் எடுத்தேன், வேறு எதற்காகவும் இல்லை.
தையல் ஊசியின் முனையில் நெம்பி,
மிச்சப் பிசின் கிண்ணத்தில் துடைத்துப் போட்டேன்.
போன இடத்தில் ஒரு கீறல்,
மயிரிழை என்பதை அன்றுதான் அளந்து பார்த்தேன்.

ஒரு மணிக்கு விளக்கு வந்தது.
மோட்டார் கோழியை வாட்டுகிற அதே முகத்தோடு
விட்ட இடத்திலிருந்து சுற்றியது.
என் கட்டைவிரல் மட்டும்
படுக்கையிலும் கால் சுற்றுத் திரும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் லேசாய்த் தேய்த்து இரண்டாம் பூச்சு.
கீறல் நிரம்பிவிட்டது.
எங்கே இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது,
தேடினேன் என்பது வேறு விஷயம்.

டார்லீன் வந்தாள், பூட்ஸில் உப்பும் சேறும்.
பெயரின்மேல் நகத்தை ஓட்டினாள். எங்கும் தட்டவில்லை.
கண்ணாடி, என்றாள்.
நோட்டுகளை எண்ணிவைத்துவிட்டு, போகிற வழியில்:
ட்ரவுட்டுக்கு அவர் எந்த ஏரிக்குப் போவார்,
உங்களுக்குத் தெரிந்திருக்குமே?
தெரியாது என்றேன்.
ஒரு வாரம் சாய்த்து வைக்காதீர்கள், படுக்கவே கிடக்கட்டும்
என்பதையும் சொன்னேன்.

கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினேன்.
இறுகிய மிச்சம் ஒரு வில்லையாய்க் கழன்று விழுந்தது,
நடுவில் அந்த முடி, பாதி சுருண்டு.
ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
அக்கறையில்லாமல் விட்டது,
அதில் ஒரு குமிழிகூட இல்லை.