எட்டு நொடிப் பாட்டு

பதினோரு ப்ராம்களுக்குப் போயிருக்கிறேன்.
ஒன்றில்கூட எனக்கு வசனம் கிடையாது.

பர்பாங்க், ஒன்பதாம் எண் தளம்.
மதியம் இரண்டரைக்கு உடையறையில்
லொரெட்டா என் இடுப்பில் ஊசி குத்தும்போது
எனக்கு இருபத்தொன்பது வயது.
மூன்றேகாலுக்கு வெளியே வந்தால் பதினேழு.

பள்ளிப்பிள்ளைகள் தொடர் எதுவானாலும்
மே மாதம் ஒருநாள்
இந்த நடன இரவு வந்தே தீரும்.
வெளிர்நீல சூட்டில் ஒரு பையன்,
சட்டை முன்புறம் முழுக்கச் சரிகைக் கொசுவம்.
(சிரிப்பு)
பெண்ணின் அப்பா கதவைத் திறப்பார்
கையில் மீன் வெட்டும் கத்தியோடு,
சமைத்துக்கொண்டிருந்தாராம், பாவம்.
(சிரிப்பு)
லிமோசின் கேட்டால் சவ ஊர்தி வரும்,
யாரோ ஒரு மாமாவின் உபயம்.
கணக்கு வாத்தியார் இடுப்பை ஆட்டுவார்.
கிரீடம் தப்பான தலையில் போய் உட்காரும்.
பழரசம் நிறைந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டினால்
யாரோ அதில் விழப்போகிறார்கள் என்று அர்த்தம்.
நாயகியின் மஞ்சள் கவுன் நாலு தைத்திருப்பார்கள்:
மூன்று நனைவதற்கு,
ஒன்று லொரெட்டாவின் பயத்துக்கு.

நாங்கள் நாற்பது பேர் பின்னால் ஆடுவோம்,
பாட்டு இல்லாமல்.
முதல் எட்டு நொடி போட்டு நிறுத்திவிடுவார்கள்,
முன்னால் நிற்பவர்களின் வசனம் கேட்க வேண்டுமே.
காலணிக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும்.
வாயை மட்டும் அசைக்க வேண்டும்,
தர்பூசணி, தர்பூசணி என்று.
தூரத்திலிருந்து பார்த்தால் அது காதல்.

நிஜமாகவே ஒருமுறை போனேன்.
ஒஹாயோவில், டேட்டனுக்கு வெளியே ஒரு பள்ளி.
கூடைப்பந்து வளையத்தில் வெள்ளிக் காகிதம் சுற்றியிருந்தார்கள்.
என்மேல் யாரும் எதையும் கொட்டவில்லை.
யார் ராணி ஆனாள் என்பதே மறந்துவிட்டது.
மூன்று மணி நேரம் ஒரு மடக்கு நாற்காலியின் பக்கத்தில்
நின்றேன், உட்காரவில்லை, கவுன் கசங்கும் என்று.
எவரெட் ஸ்ட்ரௌட் வந்து கேட்டான், ஒரே ஒரு பாட்டுக்கு.
அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. என்னுடையதும்தான்.
முடிந்ததும் 'தேங்க்ஸ்' என்றான்,
கடையில் மீதிச் சில்லறை வாங்கியவன்போல.
பத்தரைக்கு வெளியே வந்தபோது
அப்பா ஸ்டியரிங்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இதைச் சாப்பாட்டு வரிசையில் ஒருநாள்
வசனம் எழுதும் டோபின் ப்ரௌட்டியிடம் சொன்னேன்.
மென்றபடி யோசித்தான்.
"இதில் எங்கே சிரிப்பது?" என்றான்.
அவனைக் குறை சொல்ல முடியாது.
அவன் பள்ளியில் எல்லாரும் ஆடிய இரவில்
பீட்ஸா கடையில் பாத்திரம் கழுவினானாம்.
அப்போதிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை
யாரையாவது கிண்ணத்தில் தள்ளிவிடுகிறான்.

இன்று பன்னிரண்டாவது.
எனக்கு வாய்த்த ஜோடி ரஃபினோ பெலாயோ,
நாற்பத்தொரு வயது, முடிக்குச் சாயம்,
கன்னத்தில் ஒப்பனைக்காரி வரைந்த ஒற்றைப் பரு.
மூன்றாவது டேக்.
நாயகி கிண்ணத்தை நோக்கிப் பின்னால் நடக்கிறாள்.
தர்பூசணி, என்கிறேன்.
அவர் உதடு அதைச் சொல்லவில்லை.
வேறு ஏதோ, நீளமாக, கேள்வியில் முடிகிற ஒன்று.
புருவத்தைத் தூக்கினேன்.
மறுபடி சொன்னார். அப்போதும் புரியவில்லை.
அந்த நேரம் பார்த்து அவர் வலது காலணியின் துணி பிய்ந்து
டக், டக் என்று மரத்தரையில்
இல்லாத பாட்டுக்குத் தாளம்.
பார்வையாளர் வரிசையில் ஒருத்தி சிரித்துவிட்டாள்,
எவரும் எழுதி வைக்காத இடத்தில்.

கட்.
மூன்றாவது மஞ்சள் கவுனில்
நனையாமல் நிற்கிறாள் நாயகி.
ஒலிக்காரர் எங்கள் பக்கம் முறைக்கிறார்.
பசைக் குப்பியோடு ஓடி வருகிறாள் லொரெட்டா.

"என்ன கேட்டீர்கள்?"
ஒற்றைக் காலில் நின்றபடி ரஃபினோ,
"நிஜ ப்ராமில் எத்தனை மணிக்கு முடிப்பார்கள்?
இந்த ஊருக்கு வரும்போதே எனக்குப் பத்தொன்பது."

"பத்தரைக்கு," என்றேன்.
"அப்பா வந்து காத்திருந்தால்."

மணி அடிக்கிறது. சிவப்பு விளக்கு.
எட்டு நொடிப் பாட்டு வருகிறது.
எட்டையும் ஆடுகிறோம்.