பஞ்சு நுனி

பெகு பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் காசில்லாதவர்கள்
வெள்ளிக்கிழமை என்னிடம் வருவார்கள்.

கன்னத்துத் தனாக்காவைக் கழுவச் சொன்னதும்
செங்கேணி தயங்கினாள்.
பிறகு கழுவினாள்.
அடியில் வட்டம்,
ஓரம் சிவந்து, நடு வெளுத்து.
சந்தையில் வாங்கிய டியூபைக் காட்டினாள்:
"பூசினா அடங்குது, விட்டா ரெண்டா வருது."
அடங்கலம்மா, ஒளிஞ்சுக்குது.

கண்ணை மூடச் சொல்லிப்
பஞ்சைத் திரித்து நடு வட்டத்தில் தொட்டேன்.
"கூசுது" என்று சிரித்தாள்.
அந்தச் சிரிப்பைத்தான் நோட்டில் எழுதினேன்:
உணர்ச்சி உண்டு. படர்தாமரை.

வேறு களிம்பு, நாலு வாரம்.
மறைந்த பிறகும் நிறுத்தாதே.
தலையணை உறையை வெயிலில் போடு,
மழை விட்டால்.

வாசலில் அவள் புருஷன் சடையன்
நெல் விலை பேசிக்கொண்டிருந்தான்.
விரலிடுக்கில் சுருட்டு
எரிந்து குட்டையாகித்
தோலைத் தொட்டுவிட்டது.
பேச்சு நிற்கவில்லை.

உள்ளே வா தம்பி, கண்ணை மூடு.

முழங்கைக்குக் கீழே மூன்று இடம்,
விரலில் இரண்டு.
"எப்ப தொடுவீங்க?" என்றான்.

அலமாரியில் மாத்திரை அட்டை
எத்தனை மாதத்துக்கு இருக்கிறதென்று
எண்ணத் தொடங்கியிருந்தேன்.