காவேரிப்பட்டினத்தில் இரண்டு பகல்

கியர் பாக்ஸ் கைவிட்ட இடத்தில்
ஒரு பெயர்ப்பலகை நின்றது.
காவேரிப்பட்டினம்.
நான் வேதாரண்யத்துக்காரன். பட்டினம் என்று படித்தால்
மூக்கு தானாக விரியும்.
கவிச்சி இல்லை.
புளித்த மாங்கொட்டை வாடை.

“காவேரி எந்தப் பக்கம்?” என்றேன்.
வண்டிக்கடியில் மல்லாந்திருந்த திம்மராஜ்
“இங்க ஓடறது தென்பெண்ணைங்க” என்றான்.
“அப்ப கடல்?”
ஸ்பேனர் சத்தம் நின்றது.
“இப்ப பஸ் ஏறினா ராத்திரிக்குப் போயிடலாம்.”

ஆக, பெயரில் பாதி வேறொரு ஆறு,
மீதி வராத கடல்.
அதிலும் பஸ்ஸில் பட்டணம், பேங்கில் பட்டினம்.
ஊருக்கே இன்னும் முடிவாகவில்லை.

பதினாறு டன் உப்பு தார்ப்பாய்க்குள்.
ஓசூர் ஊறுகாய் கம்பெனிக்குப் போகிற சரக்கு.
சேலத்திலிருந்து சாமான் வர நாளை சாயங்காலம் ஆகுமாம்.
மைதீன் அண்ணன் கேபினில் காலை நீட்டிவிட்டார்.
எனக்குப் பகலில் தூக்கம் வராது.

வெளியூர்க்காரன் இங்கே என்ன பார்க்கலாம்?
டீக்கடையில் கேட்டேன்.
நிப்பட்டு வாங்குங்க என்றார் ஒருவர்.
டேமுக்குப் போங்க என்றார் இன்னொருவர்.
மூன்றாமவர் தெலுங்கில் ஏதோ சொல்ல
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்து வைத்தேன்.

நிப்பட்டு,
கடித்தால் நண்டு ஓடு உடைகிற சத்தம்.
உள்ளே நிலக்கடலை.
அந்தச் சொல்லிலாவது ஒரு கடல்.

பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தேன்.
கல்லுக்குக் கல் வெள்ளையாக ஏதோ புரண்டது.
நெஞ்சு ஒரு கணம் அலை என்று நம்பிவிட்டது.
“நுரைங்க, மேலேர்ந்து வருது” என்றார் துணி துவைத்தவர்.
“சோப்பு நமக்கு மிச்சம்.”

டேமில் மீன் பொரித்தார்கள்.
முன்னால் ஒரே தண்ணீர், அக்கரையில் மலை.
தண்ணீருக்கு அக்கரை இருப்பதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.
ஜிலேபி மீன். மசாலா நன்றாகத்தான் இருந்தது,
உள்ளே சேறு.
சட்டைப்பையில் எப்போதும் இரண்டு கல் கிடக்கும்,
எடுத்து நொறுக்கித் தூவினேன்.
கடைக்காரி முனிரத்னா பார்த்துவிட்டார்.
“ஏன், எங்க உப்பு உப்பில்லையா?”
“இது எங்க பாத்தியில வெளஞ்சதுக்கா.”
ஒரு கல் கேட்டு வாங்கி
நாக்கில் வைத்து
கண்ணை மூடினார்.
“கரிக்குது” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.
பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மறுநாள் மாங்காய் மண்டி.
பெங்களூரா மலை மலையாகக் குவிந்திருந்தது,
மூக்கு வளைந்த காய்கள்.
கூழ் கம்பெனி லாரிகள் வரிசை கட்டி நின்றன,
எங்கள் வண்டி மாதிரியே,
ஆனால் ஓடுகிற வண்டிகள்.
கீற்று போட்டு மிளகாய்த்தூள் தொட்டுக் கொடுத்தாள் ஒருத்தி.
பல் கூசியது. இன்னொரு கீற்று வாங்கினேன்.

இதற்கு நடுவே ராத்திரி மழை பெய்ததைச் சொல்லவில்லை.
தார்ப்பாயில் ஒரு கிழிசல்.
விடிய விடிய வண்டியின் பின்பக்கம் சொட்டியது.
மைதீன் அண்ணன் எடை குறையும் என்று திட்டினார்.
திம்மராஜ் கிரீஸ் கையைத் துடைத்து
ஒரு சொட்டை ஏந்தி நக்கினான்.
“இப்படித்தான் இருக்குமா?”
“இதைவிடக் கொஞ்சம் கம்மியா” என்றேன்.
“அப்புறம் அது சும்மா இருக்காது, இரைஞ்சுகிட்டே கெடக்கும்.”
“பைபாஸ் மாதிரியா?”
யோசித்தேன்.
ஆமாம். பைபாஸ் மாதிரிதான்.

சாமான் வந்து, மாட்டி, ஏழு மணிக்குக் கிளம்பினோம்.
கண்ணாடியில் பார்த்தேன்.
வண்டி நின்ற இடத்தில் சொட்டியது காய்ந்து
இரண்டு முழத்துக்கு வெள்ளைக் கோடு.
பட்டினத்துக்கு ஒரு கரை.
அதையும் ஒரு செவலை மாடு
அவசரமில்லாமல்
நக்கிக்கொண்டிருந்தது.