முதுகில் ஏழு கிளிப்புகள்

நியூவர்க்கில் ஒரு மூன்றாம் மாடி.
கீழே பல் வைத்தியர்.
மேலே ஸ்டென்மார்க்கின் ஸ்டூடியோ:
வடக்குப் பார்த்த ஜன்னல், டர்பன்டைன் நெடி,
படிக்கட்டு என்று பேர் வைத்த
மூன்று ஆப்பிள் பெட்டிகள்.

வாரமெல்லாம் மில்லில்
கைக்குட்டைக்கு ஓரம் தைப்பேன்.
சனிக்கிழமை மதியம் மட்டும்
நான் கோரா வின்ஸ்லேட்.
வயது பதினாறு. தாயில்லாப் பெண். சொந்தமாகக் கார் உண்டு.

(எனக்குப் பத்தொன்பது. பெயர் லுட்மிளா.
அம்மா உண்டு, நான்கு தங்கைகள் உண்டு.
காரில் ஏறியது ஒரே முறை,
அப்பாவைப் புதைக்கப் போனபோது.)

நீலக் கோட்டு ஓவியர் மனைவியுடையது.
அந்த அம்மாள் என்னைப்போல் இரண்டு பங்கு.
தோளில் வழிந்ததையும் இடுப்பில் தொங்கியதையும்
பின்பக்கமாக இழுத்து
துணி உலர்த்தும் கிளிப்பால் கவ்வி விடுவாள்.
ஏழு கிளிப்புகள்.
முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த கோட்டு.
பின்னால் பார்த்தால் முள்ளம்பன்றி.

லாந்தருக்குப் பதில் காலி காப்பி டின்.
"குகைக்குள் போகிறாய்," என்பார்.
"இடது பக்கம் யாரோ நிற்கிறார்கள். பார்.
வாயைக் கொஞ்சம் திற. கத்தாதே,
கோரா கத்த மாட்டாள்."
யாரோ என்றால் யார்?
அவருக்கும் தெரியாது.
பதிப்பகம் அனுப்பியது அரைப்பக்கக் குறிப்பு.
கதையே இன்னும் எழுதி முடியவில்லை.

எனக்கோ பயம் வரவில்லை.
பசிதான் வந்தது.
இரண்டு தடவை என் முகத்தைக்
கத்தியால் சுரண்டி எடுத்தார் துணியிலிருந்து.
மூன்றாம் தடவை,
கீழே துளைபோடும் மெஷின்
கிர்ரென்று கிளம்பியது.
ஓர் ஆள் அலறினான்.
"அசையாதே!" என்றார் ஸ்டென்மார்க்.

அதுதான் அந்தப் பார்வை.
ஊர் ஊராகப் பெண்பிள்ளைகள்
விளக்கணைத்த பிறகும் போர்வைக்குள்
டார்ச் அடித்துப் பார்த்த பார்வை.

அதற்குப் பிறகு
பல் வைத்தியருக்குக் கூட்டமுள்ள நாளாகப் பார்த்து
என்னை வரச்சொன்னார்.
பதினோரு அட்டைகள். ஒன்றுக்கு மூன்று டாலர்.

பிறகு காலம் மாறியது, பதிப்பகம் மேலட்டையை மாற்றியது.
மஞ்சள் எழுத்து. வெட்டிய தலைமயிர்.
வேறு யாரோ ஒருத்தி, நல்ல பற்கள்.
கோராவுக்கு அப்போதும் பதினாறு.

ஐம்பத்தெட்டில், ஸ்க்ரான்டனில்,
சர்ச் கூரை நிதிக்குப் பழைய சாமான் விற்ற மேசை.
காசு டின் என் மடியில்.
முழங்காலில் காயம், முன்பல்லில் சந்து,
ஒன்பது வயதிருக்கும் ஒருத்தி
புத்தகத்தைத் தொப்பென்று வைத்தாள்.
"போன வாரம் வாங்கினேன். பத்து சென்ட்.
திருப்பித் தாருங்கள்."
என்ன குறை என்றேன்.
"ஏமாற்று வேலை. குகையே வரவில்லை.
கடைசிப் பக்கம் வரை தேடினேன்.
எதைப் பார்த்து இவள் இப்படி பயப்படுகிறாள்?"

பல் வைத்தியரை, என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
நரையை, மூக்குக் கண்ணாடியை,
மறுபடி படத்தை.
நாக்கு மெல்லப் போய்
தன் பல் சந்தைத் தொட்டு வந்தது.

பத்து சென்ட்டை எடுத்து நீட்டினேன்.
வாங்கவில்லை.
புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைத் தடவினாள்.
அங்கே மற்றக் கதைகளின் பட்டியல், விலை,
பதிப்பகத்தின் முகவரி.

கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இரண்டு எட்டு போனவள் திரும்பி வந்தாள்.
"இந்தக் கோட்டு
உங்களுக்குச் சரியாக இருந்ததா?"

"முன்பக்கம்," என்றேன்.