முப்பத்தைந்தில் ஒன்று

எர்ணாவூரில் மே மாதம்.
ஃபேனை நிறுத்தியும்
தூரிகை டாங்கைத் தொடுமுன்
பெயிண்ட் காய்ந்துவிடுகிறது.

பச்சைக்கு மேல்,
தங்கச்சி கல்யாணத்தில் மிஞ்சிய
ஜெசிந்தாவின் ஹேர் ஸ்ப்ரே.
அதன்மேல் வெள்ளை.
வெந்நீரில் நனைத்த பழைய டூத்பிரஷ்ஷால்
தேய்க்கத் தேய்க்க
ஒரு ருஷ்யக் குளிர்காலம் உரிகிறது.

பனியைப் பார்த்ததில்லை நான்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷினோடு
பதினோரு வருஷம்;
அது கணக்கில் வராது.

அவர்களும் சுண்ணாம்புதான் அடித்தார்களாம்,
வாளியும் துடைப்பமுமாய்,
போகிக்கு முந்தின நாள்
நாம் அடிப்பதுபோல் அவசரமாக.

எங்கே முதலில் தேயும்?
மூடியின் விளிம்பு.
ஏறுகிறவன் பூட்ஸ் வைக்கும் இடம்.
கைப்பிடியில் நாலு விரல் அகலம்,
எள்ளளவு விரல்கள்.
அவனுக்கு நான் முகம் செய்யவில்லை.

இரவு ஜன்னலில் காய வைத்தேன்.
விடிந்தால்
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
மெல்லிசாய்ப் படிந்திருக்கிறது மேலே.
மூன்று ராத்திரி கலக்கியும்
எனக்கு வராத நிறம்.

ஊதப் போனவளைத் தடுத்தேன்.
"அப்போ இந்த வூடே உன் பொம்மதான்"
என்றாள் ஜெசிந்தா,
கொடியிலிருந்த என் வெள்ளைச் சட்டையை
இரண்டு தரம் உதறி.